கிணற்றடிச் செடி பூக்காத காரணம்

எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒரு செடி நிற்கிறது. என் மார்பளவு உயரம். வருஷம் முழுக்க இலை உதிராது. கரும்பச்சையில் தடித்து, எண்ணெய் தடவித் துடைத்த மாதிரிப் பளபளக்கும் இலைகள். கொல்லைப்பக்கம் வருகிறவர்கள் எல்லாரும் நல்ல செடி என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எட்டு வருஷத்தில் அது ஒரு பூகூடப் பூத்ததில்லை.

வாங்கி வந்தவள் என் மகள். ஊருக்கு வெளியே கழக்கூட்டத்தில் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஆபீஸ்காரர்களோடு பொன்முடி மலைக்குப் போய்விட்டு இறங்கும்போது அடிவாரத்தில் கல்லாற்றில் ஒரு கடை வாசலில் வாங்கினாளாம். கறுப்பு பாலிதீன் பையில் ஒரு சாண் உயரத்துக்கு இருந்தது. என்ன செடி என்று கேட்டேன். "பேரெல்லாம் தெரியாதுப்பா. ரோஸ் கலர்ல பூக்கும்னு சொன்னான்" என்றாள். அவளே குழி தோண்டி நட்டாள். நட்டு இரண்டு வருஷம் கழித்து நான் அவளைத் தலைமுழுகினேன்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே முழுகினேன். ஒரு நாள் காலையில், ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கூட வேலை பார்க்கும் ஒரு கிறிஸ்தவப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ரிஜிஸ்டர் ஆபீசில் மனு கொடுத்தாயிற்று என்றாள். எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, கை ஏதாவது செய்துவிடும். நேராகக் கிணற்றடிக்குப் போனேன். ஒரு வாளி இறைத்துச் சட்டையோடு தலையில் ஊற்றிக்கொண்டேன். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் குளிப்போமே, அந்தக் குளி. "எனக்கு மக இல்லே" என்று சொல்லி இன்னொரு வாளி. மூன்றாவது வாளியும் ஊற்றினேன். தண்ணீர் துவைக்கிற கல்லைச் சுற்றி ஓடி அந்தச் செடியின் காலடியில் தேங்கியது. அவள் கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு மூன்று வாளியையும் பார்த்தாள். பிறகு கம்பெனி பஸ் வரும் நேரம் ஆனதால் போய்விட்டாள். அவளுக்கு என் மனைவி கட்டி வைத்திருந்த சாப்பாட்டு டப்பா சமையலறையிலேயே இருந்தது. அன்று மத்தியானம் அதை யாரும் திறக்கவில்லை.

எனக்கு அந்த முழுக்கில் ஜலதோஷம் பிடித்து ஒரு வாரம் படுத்தேன். என் மனைவி மிளகு கஷாயம் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள், பேசமாட்டாள். நான் செய்தது சரி என்றுதான் ஒரு வருஷம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். கோயிலைச் சுற்றின இந்தக் கோட்டை மதிலுக்குள் எங்கள் தெருவில் நாலு பேர் என் முன்னாலேயே அதைப் பாராட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் என்ன செய்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அவர்களில் ஒருவரும் ஒரு சொம்பு தண்ணீர்கூடத் தலையில் ஊற்றிக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் மழை விட்டதும் செடியில் மொட்டுகளைப் பார்த்தேன். கிளை நுனியில், பட்டாணி அளவில், பச்சைச் செதில் மூடிய மொட்டுகள். அன்றைக்குத்தான் என் மனம் எனக்குத் தெரியாமல் எங்கே போய் நின்றிருக்கிறது என்று புரிந்தது. இது பூக்கட்டும், அவளுக்கு ஒரு போன் போட்டு, 'உன் செடி பூத்திருக்கு' என்று சொல்லலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான் திட்டம். மன்னிப்புக் கேட்க வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள், கெட்டிக்காரி. எனக்கு ஒரு பூ வேண்டியிருந்தது. அது இல்லாமல் போனை எடுக்க எனக்கு வக்கில்லை.

கார்த்திகையில் மொட்டுகள் நிலக்கடலை அளவு பருத்தன. பிறகு நுனி பழுப்பாகி, ஒவ்வொன்றாக, தொட்டால் உதிர்ந்தன. தொடாமலும் உதிர்ந்தன.

நான் செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு காரியம் நடக்கவில்லை என்றால் யாரோ ஒருத்தர் அதற்குக் காரணம், அந்த ஆளைக் கண்டுபிடித்து விளக்கம் கேட்டால் காரியம் நடக்கும் என்பது முப்பது வருஷத்துக்கு மேல் நான் வேலை பார்த்த விதம். செடி விஷயத்திலும் அதே வழியில்தான் போனேன். முதலில் அகப்பட்டவள் என் மனைவி. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள்.

"துணி தோய்க்கற சோப்புத் தண்ணி பூரா அந்தச் செடிக்குத்தானே போறது. பின்னே எப்படிப் பூக்கும்?" என்றேன்.

"சோப்புத் தண்ணி நாப்பது வருஷமா அங்கேதான் போறது. அங்கே நின்ன கறிவேப்பிலை கூரை மட்டுக்கும் வளர்ந்துதே, அதுக்கு ஒண்ணும் ஆகலியே" என்றாள். ஆனாலும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணீரைச் சுவரோரம் திருப்பிவிட்டேன். அந்த வருஷம் ஏழு மொட்டு வந்தது. ஏழும் விழுந்தன.

அதற்கு அடுத்த வருஷம் குற்றவாளி பக்கத்து வீட்டு மாமரம். அதன் கிளை எங்கள் மதிலைத் தாண்டிச் செடிக்கு மேலே குடை பிடித்திருந்தது. வெயில் படாத செடி பூக்குமா? பக்கத்து வீட்டுக்காரரோடு எனக்கு அவ்வளவு பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு மாதம் வலியப் போய்ச் சிரித்து, அவர் சொல்லும் அரசியலுக்கெல்லாம் தலையாட்டி, கிளையை வெட்ட வைத்தேன். செடி மேல் நல்ல வெயில் விழுந்தது. மாசி மாதத்துக்குள் இலையெல்லாம் தோசை கருகின மாதிரி ஓரத்தில் கருகிவிட்டது. ஒரு பழைய வேட்டியைக் கட்டி நிழல் போட்டுத்தான் அதைப் பிழைக்க வைத்தேன்.

பிறகு உரம். ஆரியசாலையில் பிண்ணாக்கு விற்கும் மொத்தக் கடைக்காரர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எனக்குப் பழக்கம். கடலைப் பிண்ணாக்கு கேட்டேன். எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன்.

"சாமி, இத நிறைய போட்டியன்னா எல தான் வரும், பூ வராது பாத்துக்கிடுங்க. சாப்பாடு கூடிப்போனா செடிக்கு மெத்தனம் வந்துரும்" என்றார்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஊறவைத்து, வாரம் ஒரு முறை ஊற்றினேன். கொல்லை முழுக்க நாறியது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு துணி உலர்த்தினாள். இலைகள் உள்ளங்கை அகலத்துக்கு வந்தன. மொட்டு இரண்டே இரண்டு. அண்ணாச்சி சொன்னது அப்படியே நடந்தது. அந்தக் கடைப்பக்கம் அப்புறம் நான் போகவில்லை, மனைவியைத்தான் அனுப்பினேன்.

அப்படி அவள் ஒரு நாள் ஆரியசாலைக்குப் போய்விட்டு வந்து பையை இறக்கி வைத்தபோது, கொத்தமல்லிக்கும் மிளகுக்கும் நடுவில் ஒரு பொட்டலம் வசம்பு இருந்தது. கிழவனும் கிழவியும் இருக்கிற வீட்டில் வசம்பு எதற்கு? கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுப்பார்கள், கையில் வளையல் மாதிரிக் கோத்துக் கட்டுவார்கள். நான் அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் கோயிலுக்கு என்று கிளம்பிச் சாயங்காலம் திரும்புவாள், புடவையில் குழந்தைப் பவுடர் வாசனை இருக்கும். நான் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வேன். ஒரு தடவை, அவள் குளிக்கப் போன சமயம், கொடியில் கிடந்த அந்தப் புடவையை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அறுபத்தைந்து வயசில் திருடன் மாதிரி நின்று அழுதேன்.

வைராக்கியத்தை விட்டுவிட்டு நேரில் போனால் என்ன என்று தோன்றாமல் இல்லை. தோன்றி, ஒரு நாள் போனேன். பென்ஷன் விஷயமாக ஆபீசுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினேன். அவள் இருக்கும் அடுக்குமாடி எது என்று எனக்குத் தெரியும், மனைவிக்கு வந்த ஒரு கூரியர் உறையில் இருந்தது. ஹைவேயில் இறங்கி வாசல் வரைக்கும் போய்விட்டேன். காவலாளி தமிழ்நாட்டுக்காரர், சங்கரன்கோவில் பக்கம். என் பேச்சைக் கேட்டதும் எழுந்து நின்றார்.

"சாமி நம்மூரா? தாராளமா போங்க. இந்த நோட்டுல மட்டும் எழுதிட்டுப் போங்க" என்று பேனாவை நீட்டினார்.

பேர் என்ற கட்டத்தில் எழுதினேன். ஃப்ளாட் நம்பர் எழுதினேன். அடுத்த கட்டம், என்ன காரியமாக வந்தது என்று. எத்தனையோ ஆயிரம் ஃபாரம் பூர்த்தி செய்த கை, அங்கே நின்றுவிட்டது. மேலே பார்த்தேன். கூரியர், பால், பிளம்பர், கேபிள், பர்த்டே என்று ஒவ்வொருவரும் எழுதியிருந்தார்கள். பால்காரனுக்குக்கூட ஒரு காரியம் இருந்தது. நான் எழுதிய இரண்டு கட்டத்தையும் அடித்துவிட்டு, வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிட்டேன். "வெயில்ல இவ்வளவு தூரம் வந்துட்டுப் போறியளே" என்று காவலாளி வருத்தப்பட்டார். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது இனி அந்தப் பூ ஒன்றுதான் வழி என்று உறுதியாகிவிட்டது. கையில் அது இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பிவிடலாம்.

இப்படியே யோசித்து யோசித்து, கடைசியில் குற்றம் என்மேலேயே இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. அன்று தலையில் ஊற்றிக்கொண்ட தண்ணீர் அந்தச் செடிக்குத்தானே போனது. சாவுத் தீட்டுத் தண்ணீரைக் குடித்த செடி எப்படிப் பூக்கும்? படித்தவன், ஆபீஸ் நடத்தியவன் இப்படி நினைக்கலாமா என்று கேட்டால், கூடாதுதான். நினைத்தேன். எங்கள் வீட்டு வாத்தியார் அமாவாசைத் தர்ப்பணத்துக்கு வந்தபோது, அவர் பஞ்சாங்கத்தை மடிக்கும் நேரம் பார்த்து, தலைமுழுகியதைத் திருப்பி எடுத்துக்கொள்ள ஏதாவது பரிகாரம் உண்டா என்று கேட்டேன். யாருக்கு என்று சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா?

வாத்தியார் என்னைவிட இருபது வயசு சின்னவர். கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். "மாமா, அது சங்கல்பம் பண்ணிண்டு முழுகினதா?" என்றார்.

"இல்லை. கோபத்துலே."

"சங்கல்பம் இல்லே, மந்திரம் இல்லே. அப்போ அது வெறும் குளிதானே. வெறும் குளிக்கு எதுக்காக்கும் பரிகாரம்?"

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. அவருக்கு இரண்டு வாழைப்பழம் கூடுதலாகக் கொடுத்து அனுப்பினேன். அன்று சாயங்காலம் வரை வீட்டுக்குள் லேசாக நடந்தேன். முழுகினது செல்லாது! ஃபைலில் கையெழுத்தே விழவில்லை! பிறகு விளக்கேற்றும் நேரத்தில் மனைவி கொல்லைக் கதவைச் சாத்தப் போனாள். அன்று அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற மகளுக்கு அது வெறும் குளி இல்லை என்று அப்போது உறைத்தது. சாஸ்திரம் என்ன சொன்னால் என்ன. அவள் எதிரில் நின்று பார்த்தாளே.

இந்த வருஷம் ஆவணியில் என் மனைவி சாதம் பரிமாறிக்கொண்டே, யாரிடமோ சொல்வது மாதிரி, "தை பொறந்தா அவா நியூஸிலாந்துக்குப் போறா. அங்கேயே இருக்கறதாத்தான் ஏற்பாடு" என்றாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக மகள் பேச்சு என் முன்னால் வந்தது. நான் மோர் கேட்டேன். மோர் ஊற்றினாள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. வாய்க்கால், கிளை, பிண்ணாக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். இனி எதையும் செய்து கெடுக்க வேண்டாம் என்று, தினம் காலையில் கிணற்று நீர் மட்டும் ஒரு வாளி. அப்படிச் செய்ய வைத்தது பயம். முன்பெல்லாம் கோபமாக இருந்தது. ஐப்பசியில் துலாமழை நன்றாகப் பெய்தது. பதினொரு மொட்டு வந்தது. காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை எண்ணுவேன். எறும்பு ஏறாமல் தண்டில் சாம்பல் தடவினேன். கார்த்திகை நடுவில் ஆறு விழுந்து ஐந்து இருந்தது. கடைசியில் ஒன்று. அந்த ஒன்று கடலை அளவைத் தாண்டி நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் செதில் பிளந்து உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு கோடு. குழந்தை நாக்கு நுனியை நீட்டினது போல இருந்தது.

சட்டைப்பையில் போன் இருந்தது. அப்போதே கூப்பிட்டிருக்கலாம். எட்டு வருஷத்தில் முதன்முதலாக அந்தச் செடி நிறம் காட்டியிருக்கிறது, அதைவிட என்ன காரியம் வேண்டும்? ஆனால் எனக்குப் பாதி வேலையை ரிப்போர்ட் பண்ணிப் பழக்கமில்லை. முழுசாக விரியட்டும், போட்டோ எடுத்து அனுப்பிவிட்டே கூப்பிடலாம் என்று விட்டுவிட்டேன். மறுநாளும் அதே கோடு. அதற்கு மறுநாள் மொட்டு மண்ணில் கிடந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று எத்தனை தடவை பிறத்தியாரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அந்த ஈர மண்ணில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டேன்.

மொட்டை ஒரு டப்பியில் போட்டு, இரண்டு இலையும் பறித்துக்கொண்டு, விவசாயத்துக்கான கிருஷி ஆபீசுக்குப் போனேன். இதை முதல் வருஷமே செய்திருக்கலாம். செய்யாததற்குக் காரணம், அரசாங்க ஆபீசில் எதிர்ப்பக்க நாற்காலியில் உட்கார எனக்குப் பிடிக்காது. அங்கே ஆபீசர் ஒரு சின்னப் பெண், முப்பது வயசு இருக்கும். இலையை ஒரு பார்வை பார்த்தாள். மொட்டை நகத்தால் கிள்ளி இரண்டாகப் பிளந்தாள். உள்ளே இதழ்கள் எல்லாம் அடுக்கடுக்காக, ரோஸ் நிறத்தில், நடுவில் மட்டும் பழுப்பாக அழுகி இருந்தன. அவ்வளவு இதழ் உள்ளே இருந்திருக்கிறது.

"ஸாரே, இது கமீலியா. தேயிலையுடெ ஜாதி. மலைச் செடியாணு" என்றாள்.

மலையாளத்தில் பொறுமையாக விளக்கினாள். கோடைச் சூட்டில் இது மொட்டு வைத்துவிடுமாம். ஆனால் விரிய வேண்டுமானால் அதற்குப் பிறகு ஒன்றிரண்டு மாதம் ராத்திரியில் நல்ல குளிர் வேண்டுமாம். மலையில் அது கிடைக்கும். இங்கே கடற்கரையில் ராத்திரிக்கும் பகலுக்கும் வித்தியாசமே இல்லை. அதனால் வருஷா வருஷம் மொட்டு வரும், வருஷா வருஷம் விழும். பச்சையாக நிற்கும், செத்தும் போகாது.

சோப்புத் தண்ணீர், நிழல், பிண்ணாக்கு எல்லாவற்றையும் சொல்லி, இதில் யார் செய்த தப்பு என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். "தெற்று ஆருடேதும் அல்ல ஸாரே. ஸ்தலம் மாறிப்போயி. அத்ரயே உள்ளூ." தப்பு யாருடையதும் இல்லை, இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். மலையில் சொந்தக்காரர்கள் இருந்தால் அவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றும் சொன்னாள். எனக்கு மலையில் யாரும் இல்லை.

யாராவது ஒருத்தர்மேல் தப்பு என்று அவள் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன், என்மேல் என்று சொல்லியிருந்தால்கூட. ஐந்து வருஷம் தேடிய குற்றவாளி கிடையவே கிடையாது என்று ஆகிவிட்டது. வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அது மலைச்செடியாம். இந்த ஊர்லே பூக்காதாம்" என்றேன்.

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

கத்தியைக் கீழே வைத்தாள். "அப்போ எப்பவுமே கூப்பிடமாட்டேளா?" என்றாள்.

யார் சொன்னது என்று கேட்டேன்.

"யாரு சொல்லணும்? பால்காரன் வந்து கூப்பிட்டாக்கூடப் போனை மேஜைலேயே போட்டுட்டுப் போறவர், செடியைப் பாக்கப் போறச்சே மட்டும் பாக்கெட்டிலே வெச்சுண்டு போறேளே. அஞ்சு வருஷமா பாத்துண்டுதானே இருக்கேன்."

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை சொல்லலே?"

"சொன்னா வீம்புக்கு அந்தச் செடிக்குத் தண்ணி ஊத்தறதையும் நிறுத்திடுவேள்" என்றாள். சொல்லிவிட்டு வாழைக்காயைப் பார்த்தபடியே அழுதாள். இந்த ஆறு வருஷத்தில் அவள் என் முன்னால் அழுதது அன்றுதான். அவளுக்கு நான் செய்ததை நினைத்துப் பார்க்க எனக்கு அதுவரை நேரமே இருந்ததில்லை.

நான் அங்கேயே நின்று போனை எடுத்தேன். நம்பர் மனப்பாடம், காலேஜ் நாளிலிருந்து அவளுக்கு அதே நம்பர்தான். காலை பதினொன்றே கால். மூன்றாவது மணியில் எடுத்தாள். "ஹலோ, ஆரா?" என்று மலையாளத்தில் கேட்டாள். என் நம்பர் அவள் போனில் இல்லை.

"நான்தான்" என்றேன்.

"ஆரு?"

"அப்பா."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு, தமிழில், "அம்மாக்கு என்னாச்சு?" என்றாள்.

நான் கூப்பிட்டால் அம்மா செத்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்றுதான் அவள் நினைத்தாள். வேறு எதற்கும் நான் கூப்பிடமாட்டேன் என்று அவளுக்கு அவ்வளவு நிச்சயம்.

"அம்மாக்கு ஒண்ணுமில்லே. நன்னா இருக்கா. இதோ, பக்கத்துலேதான் இருக்கா."

"பின்னே?"

நான் வாயைத் திறந்தேன். எதிரில் என் மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைக்கவும் மறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தச் செடி… பூக்காதாம். கிருஷி ஆபீஸ்லே கேட்டேன். மலையிலேதான் பூக்குமாம்" என்றேன்.

"எந்தச் செடி?"

"கிணத்தடியிலே. நீ கல்லாத்துலேர்ந்து கொண்டுவந்து வெச்சியே."

பின்னால் ஆபீசில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"அது இன்னும் இருக்கா?" என்றாள். "அன்னிக்கே பிடுங்கிப் போட்டிருப்பேள்னு நெனச்சேன்."

"இல்லே. பிடுங்கலே."

"ஓ" என்றாள். போனை வைக்கவில்லை. அவள் காத்திருந்தாள் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பிறகு ஆபீஸ் குரலில், "ஷெரி. அம்மாட்ட போனைக் குடுங்கோ" என்றாள்.

கொடுத்தேன். என் மனைவி வாங்கிக் காதில் வைத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு, "ஆமாடி, இருக்கு. நெஜமாத்தான். உன் தோள் உயரத்துக்கு நிக்கறது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

தை பிறந்த இரண்டாம் வாரம் அவர்கள் போய்விட்டார்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் என் மனைவி அங்கே போய்த் தங்கிவிட்டு வந்தாள். மகள் இங்கே வரவில்லை. குழந்தையை நான் இன்னும் பார்த்ததில்லை. அன்று போனில் 'பின்னே?' என்று அவள் கேட்டபோது, 'போறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆத்துக்கு வா' என்று சொல்லியிருந்தால் வந்திருப்பாள். நான் செடியைப் பற்றிப் பேசினேன்.